மலைச் செடிகளும் குரோமோசோம் கணக்கும்

உத்தியோகத்தின் பொருட்டு வடபுலங்களில் குடியேறிய நம்மவர் பங்குனி, சித்திரை மாதங்களில் முசூரிக்கோ நைனிதாலுக்கோ சிம்லாவுக்கோ செல்லுங்கால், மலைச்சரிவெங்கும் செந்நிறப் பூங்கொத்துகளைத் தாங்கி நிற்கும் ஒரு மரத்தைக் கண்டிருப்பர். அவ்வூர் மக்கள் அதனைப் புராம்ஷ் என்பர். அதன் இதழ்களைப் பிழிந்து சர்பத்துச் செய்து புட்டிகளில் அடைத்து விற்பர். உதகமண்டலத்துக்குப் போய் வந்தவர்களுக்கு இம்மரம் புதியதன்று. நீலகிரியின் சோலை ஓரங்களிலும் புல்வெளிகளிலும் இதே இனம் வளர்கிறது. அங்கே அதற்குக் காட்டுப் பூவரசு என்று பெயர். இரண்டு மலைகளுக்கும் இடையே ஏறத்தாழ இரண்டாயிரம் கிலோமீட்டர் தூரம் சமவெளியும் பீடபூமியும் கிடக்கின்றன. அவ்வெளியில் எங்கும் இம்மரம் இல்லை. குளிர் மிகுந்திருந்த பண்டைக் காலத்தில் இவ்வினம் தாழ்ந்த நிலங்களிலும் பரவியிருந்து, பின்னர் வெப்பம் ஏற ஏற மலைமுகடுகளை நோக்கி ஒதுங்கியது என்பது அறிஞர் கொள்கை.

இவ்வாறு மலையேறிய செடிகளின் வரலாற்றை அறிய இலையும் பூவும் கனியும் மட்டும் போதா. அவற்றின் உயிரணுக்களுக்குள் ஒரு கணக்கு எழுதப்பட்டிருக்கிறது. அக்கணக்கைப் பற்றியே இன்று நாம் பேசப் புகுகின்றோம்.

உயிரணு ஒன்று இரண்டாகப் பிளவுபடும் வேளையில் அதன் உட்கருவிலே நூலிழை போன்ற சில உறுப்புகள் சுருங்கித் தடித்துத் தோன்றும். சாயமேற்றினால் அவை ஆழ்ந்த நிறம் கொள்ளும். ஆதலின் நிறவுடல் என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களைக் கொண்டு அவற்றுக்குக் குரோமோசோம் என்று பெயரிட்டனர். பெற்றோரின் இயல்புகளை மக்களுக்குச் சுமந்து செல்லும் ஏடுகள் இவையே. மனிதனுக்கு 46 குரோமோசோம்கள் உண்டு. 1956ஆம் ஆண்டு வரை அது 48 என்றே பாடநூல்கள் கூறிவந்தன. எண்ணுவது எளிதன்று என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டா. காட்டுப் பூவரசுக்கு 26. நம் கோயில் நந்தவனத்துச் செண்பகத்துக்கு 38. காட்டுப் பூவரசின் 26இல் 13 தாய்வழி வந்தவை, 13 தந்தைவழி வந்தவை. இவ்வாறு இரண்டு தொகுதிகள் உடையதை இருமடியம் என்கிறோம்.

விலங்குகளில் பெரும்பாலும் இவ்விரண்டோடு கணக்கு முடிந்துவிடும். செடிகள் அவ்வளவு கண்டிப்பானவை அல்ல. மூன்று தொகுதிகள், நான்கு தொகுதிகள், ஆறு, எட்டு, பன்னிரண்டு என்று அவை பெருகிக்கொண்டே போகும். இந்நிலையைப் பன்மடியம் என்பர். வடநாட்டில் நாம் நாள்தோறும் சப்பாத்திக்குப் பிசையும் கோதுமை ஆறு தொகுதிகளாக 42 குரோமோசோம்கள் கொண்ட அறுமடியம். நாம் உண்ணும் வாழைப்பழங்களுள் பல மும்மடியங்கள். அவற்றில் விதையின்மைக்கு அதுவும் ஒரு காரணம். பாம்பின் நாக்கைப் போன்ற கதிரை நீட்டும் ஒரு சிறு பெரணிச் செடியில் 1,260 குரோமோசோம்கள் இருப்பதைக் கேரளத்து ஆராய்ச்சியாளர்களான ஆபிரகாம், நைனான் என்னும் இருவர் 1954இல் எண்ணி வெளியிட்டபோது உலகமே வியந்தது. விரலளவுப் பெரணிக்கு மனிதனைப்போல் இருபத்தேழு மடங்கு! எண்ணிக்கை மிகுந்தால் மேன்மையும் மிகும் என்று எண்ணியிருந்தோர்க்கு அது நல்ல பாடமாயிற்று.

எண்ணுவது எங்ஙனம் என்பதைச் சிறிது விரித்துச் சொல்லவேண்டும். பின்னர் வரும் செய்திக்கு அது வேண்டற்பாலது. மலையேறும் ஆராய்ச்சியாளர் சாராயமும் அசெட்டிக் அமிலமும் கலந்த சிறு குப்பிகளைப் பையில் வைத்திருப்பார். செடியில் இளமொட்டுகளைத் தேடுவார். மொட்டு முற்றியிருந்தால் பயனில்லை. மகரந்தத் துகள் உருவாகிக்கொண்டிருக்கும் அந்தச் சில மணி நேரத்திலேதான் குரோமோசோம்கள் தெளிவாகப் பிரிந்து நிற்கும். ஆதலால் பல பருவத்து மொட்டுகளையும் பறித்துக் குப்பியில் இடுவார். மொட்டுக் கிடைக்காவிடின் வளரும் வேர்நுனியை வெட்டி எடுப்பார். பின்னர் ஆய்வுக்கூடத்தில் மகரந்தப் பையைச் சாயத்துளியில் நசுக்கிக் கண்ணாடித் தகடுகளுக்கிடையே அமுக்குவார். அச்சாயமும் ஒரு வேடிக்கைப் பொருள். கள்ளிச்செடியில் வாழும் ஒருவகைப் பூச்சியை உலர்த்தி எடுத்த செந்நிறச் சாயம் அது. உருப்பெருக்கியின் கீழ் நூறு அணுக்களைப் பார்த்தால் எண்ணுவதற்கேற்ற அணு ஒன்றிரண்டே அகப்படும். இத்தனைக்கும் செடி உயிரோடு இருத்தல் வேண்டும். காகிதத்தில் ஒட்டி நூறாண்டு காத்த உலர் செடியில் இலையின் வடிவம் நிற்கும், பூவின் அமைப்பு நிற்கும். பிளவுபடும் உயிரணு அங்கே இராது.

பன்மடியம் எவ்வாறு பிறக்கிறது என்பதை நம் இமயமலைச் செடி ஒன்றே உலகுக்கு விளக்கிக் காட்டியது. காஷ்மீரம் முதல் மேற்கு நேபாளம் வரை, ஈரம் கசியும் பாறைகளில் மஞ்சள் பூப் பூக்கும் பிரிமுலா இனம் ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டனை அடுத்த கியூ தோட்டத்தில் அதனை வளர்த்தனர். அருகே அரேபிய மலைகளிலிருந்து வந்த அதன் உறவினம் ஒன்றும் வளர்ந்தது. இரண்டும் தாமே கலந்து ஒரு கலப்புச் செடி தோன்றிற்று. இமயத்துத் தாயிடம் 9, அரேபியத் தந்தையிடம் 9, ஆக 18 குரோமோசோம்கள். செடி செழித்துப் பூத்தது. விதை மட்டும் வைக்கவில்லை. காரணம் எளிது. இனப்பெருக்க அணுக்கள் உருவாகும்போது குரோமோசோம்கள் இணை இணையாகச் சேர்ந்து பின் பிரியவேண்டும். இமயத்து ஒன்பதும் அரேபியத்து ஒன்பதும் ஒன்றையொன்று இணையென ஏற்கவில்லை. தண்டுகளை வெட்டி நட்டே அச்செடியைத் தோட்டக்காரர் காத்துவந்தனர். பின்னர் ஒருநாள் அச்செடியின் கிளையொன்றில் விதை விளைந்தது. அவ்விதையின் வழி வந்த செடிகளை எண்ணிப் பார்த்தபோது குரோமோசோம்கள் 36. ஏதோ ஓர் அணுவில் பிளவு பாதியில் நின்றுபோய்த் தொகுதிகள் இரட்டித்திருந்தன. இப்போது இமயத்து ஒவ்வொன்றுக்கும் இமயத்திலேயே ஓர் இணை, அரேபியத்து ஒவ்வொன்றுக்கும் அரேபியத்திலேயே ஓர் இணை. மலடாயிருந்த செடி தாயாயிற்று. இதே அதிசயம் பிற்காலத்தில் வேறு தோட்டங்களிலும் நிகழ்ந்தது. புதிய இனம் ஒன்று தோன்ற ஆயிரமாயிரம் ஆண்டுகள் வேண்டும் என்று கருதியிருந்த உலகத்துக்கு, தோட்டக்காரர் கண் முன்னே ஓர் இனம் பிறந்து காட்டிற்று.

காட்டில் இத்தகைய பிறவிகள் அடிக்கடி நேர்கின்றன, வாழ்வனதாம் அரிய. இருமடியச் செடிகள் நிறைந்த ஒரு சரிவில் திடீரென நான்மடியச் செடி ஒன்று முளைத்ததாக வைத்துக்கொள்வோம். பெருஞ்சந்தையில் தன் மொழி பேசுவார் ஒருவரும் இன்றி நிற்பவனின் நிலை அதற்கு. அதன் பூவை நாடி வரும் வண்டு சுமந்து வருவதெல்லாம் இருமடியத்தின் மகரந்தமே. அச்சேர்க்கையில் பிறப்பவை மும்மடியங்கள்; அவை பெரும்பாலும் மலடுகள். ஆகவே அச்செடி தன் பூவுக்குத் தானே மகரந்தம் தரவல்லதாயிருத்தல் வேண்டும். அல்லது கிழங்காலும் ஓடுதண்டாலும் பரவி, பல ஆண்டுகள் உயிர்வாழ்ந்து, துணை தோன்றும் வரை காத்திருத்தல் வேண்டும். அல்லது போட்டியில்லாத வெற்றுநிலம் ஒன்று அதற்குக் கிட்டவேண்டும்.

மலை இம்மூன்றையும் தருகிறது. பனிக்காலம் நீண்ட உயரங்களில் ஓராண்டுப் பயிரைவிட நெடுங்காலம் வாழும் கிழங்குச் செடிகளே மிகுதி. வண்டினம் குறைந்த இடங்களில் தன் மகரந்தத்தைத் தானே கொள்ளும் பூக்கள் பிழைக்கின்றன. வெற்றுநிலத்துக்கோ இமயத்தில் பஞ்சமே இல்லை. பனியாறு பின்வாங்கிய இடம், நிலச்சரிவு உரித்துப்போட்ட சரிவு, வெள்ளம் குவித்த கற்குவியல் ஆகிய யாவும் முதலில் வந்தோர்க்கு உரியவை. அன்றியும், பனியூழிக் காலத்தில் பிரிந்து ஒதுங்கிய உறவினங்கள் பனி விலகியதும் மீண்டும் எதிர்ப்பட்டுக் கலந்தன. கலப்புக்குப் பின் இரட்டிப்பு நேர்ந்தால் என்னாகும் என்பதைப் பிரிமுலாவில் கண்டோம். போதாததற்கு, திடீர்க் குளிர் தாக்கும்போது அணுப்பிளவு தடைப்பட்டு, தொகுதி குறையாத மகரந்தம் மிகுதியாக உருவாவதும் உண்டு. வடதுருவத்தை அடுத்த ஸ்வால்பார்டு தீவுகளின் பூக்குஞ் செடிகளுள் பெரும்பாலானவை பன்மடியங்களாயிருப்பதும் இக்காரணங்களைச் சார்ந்ததே.

இனி, இமயத்துக்கே உரிய ஒரு செய்திக்கு வருவோம். அதனைச் சொல்ல ஓர் அம்மையாரின் பெயரை எடுத்தல் வேண்டும். 1897இல் தலைச்சேரியில் பிறந்த ஜானகி அம்மாள் சென்னை இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931இல் டாக்டர் பட்டம் பெற்றவர். 1934 முதல் 1939 வரை கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றினார். கரும்பின் காட்டு உறவான நாணலை நம் நேயர்கள் கங்கைக் கரையெங்கும் கண்டிருப்பர்; துர்க்கா பூசைக் காலத்தில் வெண்சாமரம் வீசி நிற்கும் காஸ் என்பது அதுவே. அந்நாணலில் 40 முதல் 128 வரை பல்வேறு குரோமோசோம் எண்ணிக்கைகள் இடத்துக்கு இடம் காணப்படுகின்றன. ஒரே பெயர், பல கணக்கு. அம்மையாரின் வாழ்நாள் முழுவதையும் ஆட்கொண்ட கேள்விக்குக் கோவையிலேயே வித்திடப்பட்டது என்று கருதுவதில் பிழையில்லை. பின்னர் இங்கிலாந்து சென்று, டார்லிங்டன் என்னும் அறிஞரோடு சேர்ந்து, பயிரிடப்படும் செடிகளின் குரோமோசோம் எண்களைத் தொகுத்து 1945இல் பெருநூல் ஒன்று வெளியிட்டார். அதன்பின் ஐந்தாண்டுகள் விஸ்லியில் உள்ள அரசத் தோட்டக்கலைக் கழகத்தின் தோட்டத்தில் வேலை. இமயத்திலிருந்து கொண்டுபோய் அங்கே நடப்பட்டிருந்த பூமரங்கள் அவர் கையில் சிக்கின.

அவற்றுள் காட்டுப் பூவரசின் சுற்றத்தாரான ரோடோடென்ட்ரான்களும் இருந்தன. அவற்றை எண்ணியபோது விந்தையான ஒழுங்கொன்று புலப்பட்டது. பெரிய இலையும் மரவடிவும் உடையவை ஏறக்குறைய யாவும் 26 என்ற எண்ணோடு நின்றுவிட்டன. இலையின் அடிப்புறத்தில் நுண்செதில் உடைய குறுஞ்செடிகளிலோ 52, 78 என்று எண் ஏறிற்று. மணிப்பூரின் பெயரைத் தாங்கிய ஓர் இனத்தில் 156; அஃதாவது பன்னிரு தொகுதிகள். மாக்னோலியாக்களிலும் இவ்வாறே. டார்ஜிலிங், சிக்கிம் மலைகளில் இலை விடுமுன் பெரும்பெரும் பூக்களாய் மலர்ந்து நிற்கும் மாக்னோலியாவுக்கு 114 குரோமோசோம்கள். அது நம் செண்பகத்தின் நெருங்கிய உறவு. செண்பகத்தின் 38ஐ மூன்றால் பெருக்கினால் அவ்வெண் கிடைக்கும்.

அங்கே அவர் கையாண்ட மருந்தொன்றையும் இடையே சொல்லிவிடலாம். கால்சிசின் என்னும் நஞ்சு, பிளவுபடும் அணுவில் குரோமோசோம்களை இரு புறமும் இழுக்கும் நுண்ணிழைகளை உருவாகாமல் தடுத்துவிடும், தொகுதிகள் இரட்டிக்கும். இயற்கை எப்போதோ செய்வதை இம்மருந்தால் விரும்பியபோது செய்யலாம் என்பது 1937இல் புலனாயிற்று. நம் செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் இருப்பது இதே நஞ்சுதான்.

நேருவின் அழைப்பை ஏற்று, இந்தியத் தாவர ஆய்வுத் துறையைச் சீரமைக்கும் பொருட்டு 1951இல் ஜானகி அம்மாள் தாயகம் திரும்பினார். இமயத்தின் கிழக்கையும் மேற்கையும் ஒப்பிட்டு அவர் சொன்ன கருத்து இது: குளிரும் ஈரமும் ஒருங்கே அமைந்த வடகிழக்கு இமயத்தில் பன்மடியங்களும் புதிய இனங்களும் மிகுதி, குளிரிருந்தும் வறண்ட வடமேற்கில் அவை குறைவு. சீனத்துத் தாவரங்களும் மலாய நாட்டுத் தாவரங்களும் வடகிழக்கில் எதிர்ப்பட்டு உள்நாட்டினங்களோடு கலந்தமையையும் அவர் காரணமாகக் காட்டினார். ரோடோடென்ட்ரான்கள் மேற்கே விரல்விட்டு எண்ணத்தக்கன. சிக்கிமிலும் அருணாசலத்திலுமோ டசன் கணக்கில் உள்ளன. ஆயினும் இக்கருத்தை எல்லாச் செடிக்கும் ஏற்ற விதியாகக் கொள்வதற்கில்லை என்பதே நம் எண்ணம். உயரமான மலையில் வாழ்ந்தும் மரவகை ரோடோடென்ட்ரான்கள் இருமடியமாகவே நிற்பதை இப்போதுதான் கண்டோம். மலை வாய்ப்பைத் தருகிறது; அதனைப் பற்றிக்கொள்வதும் விடுவதும் அவ்வக் குலத்தின் போக்கு. சண்டிகரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் மெஹ்ராவும் அவர்தம் மாணவர்களும் இமயத்துப் பெரணிகளையும் மரங்களையும் பல்லாண்டு எண்ணி எழுதிய பட்டியல்களைப் பார்த்தாலும் குலத்துக்குக் குலம் கதை வேறாகவே இருக்கிறது.

இவையெல்லாம் அறிஞர்தம் பொழுதுபோக்கு, நமக்கென்ன என்று கேட்போர் இருக்கலாம். அவர்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே விடை இருக்கிறது. பிள்ளை வளர்த்தி என்றும், பேர் சொல்லா மருந்து என்றும் நம் பாட்டிமார் போற்றிய வசம்பை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஊரைவிட்டு வந்தாலும் குழந்தை பிறந்த வீட்டுக்கு அதை ஊரிலிருந்து வரவழைப்போர் உண்டு. இல்லையேல் உள்ளூர்க் கடையில் பச் என்று கேட்டு வாங்குவர். வசம்பு ஓடைக்கரையிலும் சதுப்பிலும் வளரும் செடி. இமயத்துப் பள்ளத்தாக்குகளில் நல்ல உயரம் வரையிலும் தானே வளர்கிறது. பார்வைக்கு எங்கும் ஒரே செடிதான். உள்ளே மூன்று கணக்குகள்: 24, 36, 48. இருமடியம் வட அமெரிக்காவில் உள்ளது. மும்மடியம் ஐரோப்பாவிலும் இமயத்தின் சில பகுதிகளிலும் உள்ளது. நான்மடியம் இந்தியாவிலும் கீழைநாடுகளிலும் மிகுதி. எண்ணிக்கையோடு மருந்தும் மாறுகிறது. வசம்பு எண்ணெயில் பீட்டா அசரோன் என்றொரு பொருள் உண்டு. இருமடியத்தில் அது இல்லை, மும்மடியத்தில் சிறிதளவு, நான்மடியத்திலோ எண்ணெயின் பெரும்பங்கு அதுவே. ஜம்மு ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய காலத்தில் ஜானகி அம்மாளும் உடனிருந்தோரும் வசம்பின் மடியநிலை, வளரும் உயரம், வேதியியல் அமைப்பு ஆகிய மூன்றின் உறவை ஆராய்ந்து 1964இல் வெளியிட்டனர். எலிகளுக்கு இவ்வெண்ணெயைத் தொடர்ந்து ஊட்டியபோது குடலில் கட்டிகள் தோன்றியமையால் 1968இல் அமெரிக்கா உணவுப் பொருள்களில் வசம்பைத் தடை செய்தது. ஒரு செடியை நல்லதென்றோ தீயதென்றோ சொல்லுமுன் எந்த வசம்பு என்று கேட்கவேண்டிய நிலை இது. கடைக்காரர் பொட்டலத்தில் குரோமோசோம் எண் எழுதியிராது. பச்சிளங்குழந்தையின் நாவில் உரைத்துத் தடவுமுன் மருத்துவர் ஒருவரைக் கேட்டுக்கொள்வது நலம்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. மும்மடிய வசம்பு மலடு. ஒருபோதும் விதை தராது. பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குச் சென்ற கிழங்குகள் அங்கே நாடெங்கும் பரவியது துண்டு துண்டாக நட்டும், ஆற்று நீர் அடித்துச் சென்றுமே. இமயத்து ஓடையொன்றில் அத்தகைய வசம்பு நிற்கிறது என்று கொள்வோம். மருந்துச் சந்தைக்காக அதன் கிழங்குகள் முழுதும் தோண்டப்பட்டுவிட்டால் மண்ணில் உறங்கும் விதை ஒன்றும் இராது. மறு மழையில் முளைப்பதற்கு எதுவும் இராது. வசம்பு என்ற பெயரோ நூல்களில் அப்படியே நிற்கும். வேறு ஓடைகளிலும் வயலோரங்களிலும் அச்செடி ஏராளமாக இருப்பதால் அழியும் செடிகளின் பட்டியலிலும் அது ஏறாது. போனது இனமன்று, அந்த இனத்தின் ஒரு கணக்கு. ஆயினும் மருந்தாகட்டும், குளிர் தாங்கும் ஆற்றலாகட்டும், அக்கணக்கோடு சேர்ந்தே போய்விடும். முன்பே சொன்னோம், உலர்ந்த செடியிலிருந்து அதனை மீண்டும் எண்ணவும் இயலாது. இலை மாதிரியில் உள்ள மரபுப்பொருளைக் கொண்டு தொகுதிகளை மதிப்பிடும் புதிய கருவிகள் இன்று வந்துள்ளன. அவை துணை செய்கின்றன. ஆனால் செத்த செடியை அவை பிழைப்பிப்பதில்லை.

மலைகள் வெப்பமேறிவரும் இக்காலத்தில் செடிகள் மேலும் மேலும் உயரத்துக்கு ஒதுங்குகின்றன. பழைய பனியூழியின் முடிவில் நடந்ததைப்போல, பிரிந்திருந்தவை எதிர்ப்பட்டுப் புதிய கலப்புகள் தோன்றலாம். உச்சியில் வாழ்பவை மேலே இடமின்றி மறையவும் கூடும். எந்தச் சரிவில் எந்த எண் நின்றது என்று முன்னரே குறித்து வைத்திருந்தால்தான் எது வந்தது, எது போனது என்று பிற்காலத்தார் சொல்லமுடியும். அத்தகைய குறிப்பு இல்லாத மலைகள் நம் நாட்டில் மிகப் பல.

ஜானகி அம்மாள் இதனை நன்கறிந்திருந்தார். ஜம்முவிலிருந்து லடாக்கின் உயரங்கள் வரை சென்று செடி திரட்டிய அவர், 1970இல் சென்னைக்கு வந்து மதுரவாயலில் இருந்த பல்கலைக்கழகத் தாவரவியல் களக்கூடத்தில் தங்கினார். கேரளத்தின் மௌனப் பள்ளத்தாக்கில் அணை கட்டும் திட்டம் எழுந்தபோது எதிர்த்தோருள் அவரும் ஒருவர். எண்பது வயதைக் கடந்த நிலையில் அக்காட்டு மரங்களின் குரோமோசோம்களை எண்ணிக் கணக்கெடுக்க அவர் முனைந்தார். 1984 பிப்ரவரியில் மதுரவாயலில் அவர் காலமானார். அவர் மொட்டுத் திரட்ட விரும்பிய அக்காடு அதே ஆண்டு நவம்பரில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.